நுரைக்காத குப்பி

முட்டை உடைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

காசநோய்க் கிருமி லேசில் வளராது. அதற்கு முட்டை வேண்டும். முட்டையை அடித்து, கொஞ்சம் உப்பும் பச்சைச் சாயமும் கலந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, சாய்த்து வைத்துச் சூடாக்கினால் ரொட்டியில் தடவுகிற கெட்டிக் கயா ஜாம் மாதிரி உறைந்துவிடும். அதன் மேல் நோயாளியின் சளியைத் தடவிச் சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். இப்போது உங்களுக்கு எல்லாம் தயாராக டப்பாவில் வருகிறது. நல்லது. அன்றைக்கு நான் வாராவாரம் பசாருக்குப் போய்த் தட்டுத் தட்டாக முட்டை வாங்குவேன். முட்டை விற்ற சீன அம்மா, நான் கேக் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். இத்தனை முட்டை வாங்குகிற நீ ஒரு துண்டு கேக் கொண்டுவந்து காட்டினாயா என்று மலாயில் கேட்பார். நான் சிரித்துவிட்டு வருவேன். எதற்கு வாங்குகிறேன் என்று சொன்னால் மறுவாரம் முட்டை கிடைக்காது.

பரிசோதனைக்கூட வேலை படிக்கிற நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். ஒன்றே ஒன்றுதான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மலாக்காவில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் எனக்கு வேலை. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கிருமி வளர்க்கும் அறையை அவரே முயற்சி எடுத்து உண்டாக்கினார். ஒரு மேசை, ஒரு சூட்டுப் பெட்டி, ஒரு நுண்ணோக்கி, நான். காலையில் ஜன்னலில் நின்று நோயாளிகளிடம் சளிக் குப்பி வாங்குவேன். பிறகு அறைக்குள் போய்விடுவேன்.

வளர ஆறு வாரம் ஆகும். சிலது எட்டு வாரம். நான் தினமும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். தினமும் பார்க்க வேண்டியதில்லை. எனக்குப் பார்க்கப் பிடித்தது. ஒன்றுமே இருக்காது, ஒன்றுமே இருக்காது, ஒருநாள் பச்சையின் மேல் ஊசிமுனை அளவு வெளுப்பாக ஒன்று தெரியும். பிறகு காய்ந்த ரொட்டித் தூள் சிந்திய மாதிரி பரவும். ஒரு நோயாளியுடையது சொரசொரப்பாக மேடு கட்டும். இன்னொருவருடையது தட்டையாக இருக்கும். ஒரே குப்பியிலேயே பெரியதும் சின்னதும் இருக்கும்.

ஒருநாள் டாக்டர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன பார்க்கிறீர்?"

"ஒண்ணுபோல ஒண்ணு இல்ல டாக்டர்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் தோட்டத்தில் பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியும். ரப்பர் மரத்தை வைத்துச் சொன்னார். விதை போட்டு முளைத்த மரங்கள் ஒரே நிரையில் நின்றாலும் ஒன்று நிறையப் பால் தரும், ஒன்று தராது. ஒன்று இலைநோயில் சாகும், பக்கத்து மரம் அசையாமல் நிற்கும். கிருமியும் அப்படித்தான். ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் கோடிக்கணக்கில் இருக்கும். எல்லாம் ஒரு குடும்பம். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. நாம் மருந்து கொடுக்கும் முன்பே அந்த மருந்துக்கு அடங்காத ஒன்றிரண்டு அதற்குள் இருக்கும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அடங்கியது சாகும், அடங்காதது பெருகும். அதனால்தான் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம். ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் மாட்டும்.

இதைத்தான் நீங்கள் பெரிய பெரிய பெயர் வைத்துப் படிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்கு அந்த ரப்பர் நிரை போதுமாக இருந்தது.

மருந்து மூன்று. ஊசி ஒன்று, அதைக் கிளினிக்குக்கு வந்து போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய மாத்திரை, ஒரு கை நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் பிரட்டும். சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு தொல்லையும் தராது. மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவோம். கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க, மருந்து கலந்த முட்டைக் குப்பிகளிலும் தடவி வைப்போம். மருந்துக் குப்பி சுத்தமாக இருந்தால் நல்லது. அதிலும் வளர்ந்தால் அந்த மருந்து அவருக்கு உதவாது.

மீனாட்சி என்று ஒருவர் வந்தார். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. காஜா பெராங்கில் இருந்த மலாக்காச் செட்டி குடும்பம். கோயில், பூசை, விபூதி எல்லாம் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது மலாய். கபாயா தைப்பார், அங்கே பெண்கள் போடும் மேல்சட்டை. நல்ல தையல், பண்டார் ஹிலிரிலிருந்து ஆள் தேடி வரும். நான் அவரை 'காக்' என்பேன், மலாயில் அக்கா. அவர் என்னை 'பாங்' என்பார், அண்ணன். யார் மூத்தவர் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

வந்தபோது எலும்பும் தோலும். இடது நெஞ்சில் பொத்தல், எக்ஸ்ரே படத்தில் நன்றாகத் தெரிந்தது. ஐந்து வயது மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய முதல் குப்பியில் கிருமி அமோகமாக வளர்ந்தது. சொரசொரவென்று, ஓரம் மடிந்து, பூ மாதிரி. மருந்துக் குப்பிகள் மூன்றும் சுத்தம். டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். அந்த அம்மா பிழைத்துவிடுவார் என்றார்.

முடிவு எழுதி முடித்த குப்பியை அவித்துக் கொட்ட வேண்டும் என்பது சட்டம். நான் அந்த ஒரு குப்பியை அவிக்கவில்லை. பெட்டியின் பின்வரிசையில் தள்ளி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

சொன்னபடியே மீனாட்சி அக்கா தேறினார். எடை ஏறியது. கன்னம் வந்தது. இருமல் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. நாலாவது மாதம் மறுபடி சளி பார்க்க வேண்டும். குப்பி கொண்டுவந்தார். உள்ளே வெறும் எச்சில்.

நான் ஜன்னலில் கறாராக இருந்தேன். எச்சிலை வாங்கி வைத்தால் ஆறு வாரம் வீண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். திருப்பி அனுப்பினேன். மறுநாளும் எச்சில்தான். அன்றைக்கும் திருப்பி அனுப்பினேன்.

"சளி வேணும் காக். சளி இல்லாம வந்தா உள்ள விட முடியாது. மாத்திரை வாங்க முடியாது."

மூன்றாம் நாள் கெட்டியாகக் கொண்டுவந்தார். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆறு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். சாதாரணக் குப்பியில் கிருமி வளர்ந்திருந்தது. சின்ன மாத்திரை கலந்த குப்பியிலும் வளர்ந்திருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். படத்தை எடுத்துப் பார்த்தார். பொத்தல் சுருங்கியிருந்தது, ஆனால் மூடவில்லை. சின்ன மாத்திரை உதவாது என்றால் மற்ற இரண்டும் எத்தனை நாள் தாங்கும்? உடம்பு தெம்பாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். செய்வது என்றால் அறுவை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருந்தது. ஒரு பக்கத்து விலா எலும்புகளில் பலவற்றை எடுத்துவிடுவார்கள். நெஞ்சு அமுங்கும். பொத்தல் ஒட்டிக்கொள்ளும். ஆள் பிழைப்பார். ஆனால் அந்தப் பக்கத் தோள் சரிந்துவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்குவது கஷ்டம்.

மருந்து உனக்கு வேலை செய்யவில்லை என்று டாக்டர் அவரிடம் மலாயில் சொன்னார். நான் கதவோரம் நின்றிருந்தேன். மீனாட்சி அக்கா அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அப்புறம் கபாயா தோள்ல நிக்குமா, டாக்டர்?"

டாக்டர் பேனாவை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். இடம் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை வண்டி.

அவர் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நீர் குப்பியை மாத்திப்போட்டீரோ? பயப்படாமல் சொல்லும்."

இல்லை என்றேன். கிளினிக்கில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். ஊசி போடுகிறவர். பேச்சில் ஊசியைவிடக் கூர்மை.

"முட்டை உடைக்கிற கை டாக்டர், எந்தக் கூடையில எத வெச்சுச்சோ. கேட்டா இல்லன்னுதான் சொல்லும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதனால் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு வாங்கிய எல்லாக் குப்பிகளின் எண்களையும் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மாறவில்லை. அன்றைக்கு அவ்வளவு கெட்டியான சளி கொண்டுவந்தது அவர் ஒருவர்தான். எனக்கே நினைவு இருந்தது. நான்தானே பாராட்டினேன்.

அப்போதுதான் பின்வரிசைக் குப்பி ஞாபகம் வந்தது. எடுத்து வந்து புதியதன் பக்கத்தில் வைத்தேன்.

பழையது பூ மாதிரி. புதியது சின்னச் சின்னப் புள்ளி, மேடு கட்டவில்லை. ஒரே ஆளின் நெஞ்சிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சட்டத்தை மீறிக் குப்பியை வைத்திருந்ததும் தெரிந்துபோனது. அவர் முதலில் அதற்குத் திட்டினார். பிறகு இரண்டையும் வாங்கிப் பார்த்தார். மருந்துக்கு அடங்காத கிருமி சிலசமயம் இப்படி மெலிந்துதான் வளரும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் குப்பியைக் கீழே வைக்கவில்லை.

"புண் கழுவுகிற அந்த நுரைமருந்தைக் கொண்டுவாரும்."

பெராக்சைடு. அவர் ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தார். பழைய குப்பியில் ஒரு சொட்டு விட்டார். சோடா ஊற்றிய மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. கிருமிக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று நான் கண்டேனா? புதிய குப்பியில் ஒரு சொட்டு. ஒன்றுமில்லை. தண்ணீர் விழுந்த மாதிரி கிடந்தது. இன்னொரு மூலையில் விட்டார். அங்கும் இல்லை. சின்ன மாத்திரைக்கு அடங்காமல் போன கிருமிகளில் பல இந்த நுரைக்கும் சக்தியை இழந்துவிடும் என்றார். திறந்த மேசையில் இதைச் செய்தோம். நுரை தெறித்தால் நாங்களும் படுத்திருப்போம். அதையும் நீங்கள் செய்யாதீர்கள்.

"அப்ப எல்லாமே மாறிப்போச்சா டாக்டர்? பழசுல ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

"மிச்சம் இல்லாமலும் போகலாம். அடங்கினது செத்தால் அடங்காதது மட்டும்தானே நிக்கும்."

அவர் சொன்னது சரி. ஒரு குறையும் இல்லை. குப்பியும் சரி, எண்ணும் சரி, நுரையும் சரி. நான் இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கதவருகே நின்றுவிட்டேன்.

ஜன்னல் வேலை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு இருமலும் ஒவ்வொரு மாதிரி. மீனாட்சி அக்காவின் இருமல் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் மூன்று மூன்றாக வரும். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்.

"டாக்டர், அந்த அக்கா இருமுறதே இல்ல. அதைக் கொண்டுவந்ததுக்கு முந்தின நாள் வரைக்கும் வெறும் எச்சில். அப்புறம் அவ்வளவு கெட்டிச் சளி எங்கேருந்து வந்துச்சு?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. திங்கட்கிழமை வண்டி. அதுக்கு முந்தித் தெரிஞ்சால் வந்து சொல்லும்."

போய்க் கேள் என்று சொல்லவில்லை. கேட்காதே என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பெராங் போனேன். பழக்காலம். அவர்கள் முன்னோருக்குப் பழம் படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பார்ச்சு என்பார்கள். வாழையிலை போட்டு ரம்புத்தான், மங்குஸ்தான், டுரியான் எல்லாம் வைப்பார்கள். படைத்த பிறகு வீட்டில் இருக்கிற எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். கூடத்தில் மங்குஸ்தான் கூடை இருந்தது. மீனாட்சி அக்கா தையல் மெஷினில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் முடித்துக் கொடுக்க வேண்டிய கபாயாக்கள் அவர் தோளில் அடுக்கியிருந்தன.

என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். நாள் மாறிவிட்டதா என்று கேட்டார். இல்லை, சும்மா வந்தேன் என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க அக்கம்பக்கத்தில் பலர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். நான் குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்போது உள்ளறையில் இருமல் கேட்டது.

அவர் என் முன்னால் நிற்கிறார். இருமல் உள்ளே.

ஆழமான இருமல். அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தது.

"யார் காக்?"

"வீட்டுக்காரர். சளி பிடிச்சிருக்கு. மழையில நனைஞ்சிட்டாரு."

அந்த மாதம் மழையே இல்லை. உட்கார்ந்தேன். மேசை மேல் வெற்றிலைத் தட்டு இருந்தது. பக்கத்தில் எங்கள் கிளினிக்கின் மாத்திரைப் புட்டி. தட்டில் ஒரு பாக்குவெட்டி. அதன் வாயில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. பாக்குத் தூள் வெள்ளையாக இருக்காது. விரலில் தொட்டுப் பார்த்தேன்.

மீனாட்சி அக்கா அதைப் பார்த்துவிட்டார். பிறகு எதையும் மறைக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்.

கணவர் இருமத் தொடங்கி ஆறேழு மாதம். அவர் ஒரு ரப்பர் வியாபாரி கடையில் கணக்கெழுதும் கிராணி. மனைவிக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்தே அங்கே அவர் பேனாவை வேறு யாரும் தொடுவதில்லை. அவருக்கும் என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். கிளினிக்குக்கு வர முடியாது. அதனால் சின்ன மாத்திரையைப் பாக்குவெட்டியில் வெட்டி இருவரும் ஆளுக்குப் பாதி. பெரிய மாத்திரை அவருக்கு வயிற்றைப் பிரட்டியது, கடையில் உட்கார முடியவில்லை, அதை விட்டுவிட்டார். அதை அக்கா முழுதாக விழுங்கினார். ஊசியும் அக்காவுக்குத்தான்.

டாக்டர் ரப்பர் நிரையை வைத்துச் சொன்னது அப்படியே நடந்திருந்தது. அக்காவுக்கு மூன்று மருந்தும் கொஞ்சமாவது கிடைத்தன. தப்பியது மற்றதில் மாட்டிச் செத்தது. கணவருக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி. அடங்காதது அவர் நெஞ்சில் ஆற அமரப் பெருகியது.

"அந்தக் கெட்டிச் சளி?" என்றேன்.

"அவரோடதுதான்."

"ஏன் காக் அப்படிச் செஞ்சீங்க?"

"நீங்கதானே பாங் சொன்னீங்க, சளி இல்லாம வராதேன்னு. எனக்கு வரல. வெந்நீர் குடிச்சேன், முதுகுல தட்டச் சொன்னேன், வரல. மாத்திரை நின்னுட்டா ரெண்டு பேருக்குமே இல்ல." அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஒரே வீடு. ஒரே தட்டு. எங்கிட்டேருந்துதான் அவருக்கு வந்துச்சு. ஒரே நோய்தானே. அவர் சளியும் என் சளியும் ஒண்ணுதானே?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் நான் சொல்லியிருந்தால் அவர் குப்பியை மாற்றியிருக்க மாட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே குடும்பமாக இருந்தாலும் ஒன்றல்ல என்று தினமும் குப்பியில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? ஜன்னலுக்கு வந்தவர்களிடம் அதை நான் சொன்னதில்லை. கெட்டியாகக் கொண்டுவா என்று மட்டும் சொன்னேன்.

"ஒண்ணு இல்ல காக். உங்களது மருந்துக்குச் செத்துச்சு. அவரோடது சாகல. டாக்டர் அவரோடதைப் பார்த்துட்டு உங்க எலும்பை எடுக்கச் சொல்றாரு."

உள்ளறைத் திரை விலகியது. அவர் கணவர் நின்றார். நடராஜா என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தாலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார், மெலிவு தெரியாமல் இருக்க. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்.

"என் சளிக்கா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். "என் சளிக்கா உன்ன வெட்டப் போறாங்க?"

அக்காவுக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பாதி மாத்திரை சாப்பிட்டதால்தான் தன் மருந்து வேலை செய்யவில்லை, அதற்குத்தான் அறுவை என்று அவர் நினைத்திருந்தார். வாயைத் திறந்தால் கணவரின் வேலை போகும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். பேசாமல் திங்கட்கிழமை வண்டியில் ஏறியிருப்பார்.

திங்கட்கிழமை காலை நான் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், நீங்களே வந்து சொன்னால் நல்லது என்றேன். கடைக்கு யார் போய்ச் சொல்வது என்று நடராஜா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மங்குஸ்தான் ஒரு பை கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வண்டி வந்து நின்றது. மீனாட்சி அக்கா துணிமூட்டையோடு வந்தார். அவர் தனியாக வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் பத்தடி தள்ளி, கடைக்குப் போகிற சட்டையோடு நடராஜா வந்தார். என் ஜன்னலுக்கு வந்தார். குப்பி கேட்டார். அங்கேயே இருமினார். டிரஸ்ஸர் அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்து, எதுவும் பேசாமல் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அவர்கள் டாக்டரிடம் பேசி முடித்த பிறகு நான் உள்ளே போனேன். ஒன்று பாக்கி இருந்தது.

"இரண்டு தரம் திருப்பி அனுப்பினது நான்தான் டாக்டர். சளி இல்லன்னா விடமாட்டேன்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"சுகமான ஆளுக்குச் சளி எங்கேயிருந்து வரும்? அதை நானும் உமக்குச் சொல்லித் தரேல்லை." ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார். ஜன்னலில் ஒட்டச் சொன்னார். சளி வராதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் கீழே தமிழில் எழுதிக்கொண்டேன்.

வண்டி வெறுமனே போனது.

மீனாட்சி அக்காவுக்குக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்துப் பார்த்தோம். சளி இல்லாதவர்கள் தூக்கத்தில் விழுங்கியது அங்கே இருக்கும். ஆறு வாரம் தினமும் பெட்டியைத் திறந்தேன். எட்டு வாரமும் ஆயிற்று. பச்சை பச்சையாகவே இருந்தது. முழு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு பொத்தலும் மூடியது.

நடராஜாவின் வேலை போனது. அவர் பயந்ததுதான் நடந்தது. அவருடைய குப்பியில் கிருமி வளர்ந்தது, மெலிந்த சின்னப் புள்ளிகளாக. சொட்டு விட்டோம். நுரைக்கவில்லை. ஊசி மருந்துக் குப்பியும் பெரிய மாத்திரைக் குப்பியும் சுத்தமாக இருந்தன, அந்த மருந்துகள் அவர் கிருமிக்கு ஏறக்குறையப் புதிது. ஊசியும் பெரிய மாத்திரையும் கொடுத்தார்கள். போதவில்லை. சில மாதம் கழித்து அதே வண்டியில் அவர் இடது பக்க அறுவைக்குப் போனார். அந்த வருஷம் அந்த வீட்டில் சோறு பொங்கியது மீனாட்சி அக்காவின் தையலில். தோள் இருந்ததால் பொங்கியது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். குப்பி சரியாகத்தான் சொல்லும். யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். யார் இருமுகிறார், யார் இருமவில்லை என்று பாருங்கள். எந்தக் கருவி வந்தாலும் இந்த வேலை உங்களுக்குத்தான்.

நடராஜா திரும்பி வந்தது மறுவருஷம். இடது தோள் சரிந்திருக்கும் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தேன். இரண்டும் சமமாக இருந்தன. உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சட்டையின் இடது தோளுக்குள் துணி மடித்து வைத்துத் தைத்திருந்தது. நல்ல தையல், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

குப்பியை ஜன்னலில் வைத்தார். காலிக் குப்பி. கழுவித் துடைத்திருந்தது. நான் குப்பியையும் அவரையும் பார்த்தேன்.

"வரல பாங்," என்றார். "வீட்லயும் கேட்டுப் பார்த்தேன். அவகிட்டயும் இல்ல."

புத்தகத்தைத் திறந்து 'இல்லை' என்று எழுதினேன். உள்ளே போகச் சொன்னேன்.